ஓடுகாலி: ஆட்டக்காரனின் உடலும் ரசிகனின் குரலும்

2024 ஏப்ரல் 1ஆம் தேதி இரவு, ஒரு டீக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று 'துரோகி' என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதப்போவதெல்லாம் மேலே உட்கார்ந்துகொண்டு ரசிகர்களுக்குப் பாடம் எடுக்கிற வேலையாகப் போய்விடும். நம் சிறுபத்திரிகைகளில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை.

மும்பை வான்கடே மைதானம். மும்பை இந்தியன்ஸ் அணிக்கும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கும் ஐ.பி.எல். ஆட்டம். டாஸ் போடுவதற்காக மும்பையின் புதிய கேப்டன் ஹர்திக் பாண்டியா நடந்து வருகிறார். சொந்த மைதானம், சொந்தக் கூட்டம். ஊளையிடுகிறார்கள். மைக்கைப் பிடித்திருந்த சஞ்சய் மஞ்ச்ரேக்கர் கூட்டத்தைப் பார்த்து ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்கிறார். ஊளை நிற்கவில்லை. கடையில் நின்ற நாங்கள் ஏழெட்டுப் பேரும் சென்னை அணிக்காரர்கள். எங்களுக்கும் அந்த மனுசனுக்கும் வரப்புத் தகராறு ஒன்றும் கிடையாது. அவர் மும்பையை விட்டுப் போனதிலோ திரும்பி வந்ததிலோ எங்களுக்கு ஒத்தப் பைசா நட்டமில்லை. இருந்தும் கத்தினோம், எவன் வீட்டுச் சண்டைக்கோ கல்லெடுத்துக் கொடுக்கிற மாதிரி. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வதிலேயே ஒரு சுகம் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அந்த ஆள் செய்தது என்ன? 2015 முதல் மும்பைக்கு ஆடினார். 2022 பருவத்துக்கு முன்பு நான்கு பேரைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றபோது நிர்வாகம் போட்ட பட்டியலில் அவர் பெயர் இல்லை. புதிதாக வந்த குஜராத் டைட்டன்ஸ் அவரை எடுத்துக் கேப்டனாக்கியது. முதல் ஆண்டே கோப்பை. 2023இல் இறுதிப் போட்டி வரை. 2023 நவம்பரில் இரண்டு நிர்வாகங்களும் பேசி முடித்து, ரொக்கப் பரிமாற்றமாக மறுபடி மும்பைக்கு வந்தார். டிசம்பரில் ரோகித் சர்மாவை இறக்கிவிட்டு இவரைக் கேப்டனாக்கியதும் நிர்வாகம்தான். 2024 மார்ச் 24 அன்று அகமதாபாத்தில் 'எங்களை விட்டுப் போனவன்' என்று ஊளை. எட்டு நாள் கழித்து மும்பையில் 'எங்க ஆளு இடத்தைப் பிடிச்சவன்' என்று ஊளை. விட்ட இடத்திலும் துரோகி, வந்த இடத்திலும் துரோகி. நான் பார்த்த ஒளிபரப்பில் முதலாளிகளின் மாடத்தை நோக்கி ஒரு சின்னச் சத்தம்கூடத் திரும்பவில்லை.

அதே ஆண்டு ஜூன் 29 அன்று பார்படோசில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 16 ரன் தேவை. பந்து ஹர்திக் கையில். ஜெயித்தாயிற்று. ஜூலை 4 அன்று வான்கடேயில் அதே கூட்டம் அதே பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. சுமார் மூன்று மாதத்தில் இதெல்லாம். மக்கள் மறதிக்காரர்கள் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊளையும் ஆர்ப்பரிப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. 'நம்ம ஆளு' என்கிற இடம் அது. தேசத்துக்கு ஆடினால் நம்ம ஆளு. ஊர் மாறினால் நம்மை ஏய்த்த ஆளு. இரண்டிலும் அந்த உடல் நம் உடைமை.

துரோகி என்ற சொல்லுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. ஒருவனை அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் அவன் அதற்கு முன்பே யாருக்கோ சொந்தமாக இருந்தாக வேண்டும். தெருவில் போகிற மூன்றாம் ஆளைத் துரோகி என்று யாரும் சொல்வதில்லை. ஆக, குற்றச்சாட்டு எழும்போதே உடைமைப் பத்திரமும் சேர்ந்து எழுதப்பட்டுவிடுகிறது. நம் மொழியில் இந்தப் பத்திரத்துக்குச் சோற்றின் வாசனை உண்டு: செஞ்சோற்றுக்கடன், உப்பிட்டவர், உண்ட வீடு. கர்ணன் சாகிறான், கும்பகர்ணன் சாகிறான். செத்ததால் பெருமை. அண்ணனை விட்டு அணி மாறிய விபீஷணன் வைணவத்தில் ஆழ்வார் பட்டம் பெற்றான்; திராவிட மேடையில் அதே பெயர் காட்டிக்கொடுப்பவனுக்கான வசவுச் சொல்லாகிவிட்டது. மாறிய செயல் ஒன்றுதான். எந்த அணியின் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. இவ்வளவுக்கும் விபீஷணனுக்குச் சம்பளம் கிடையாது. கிரிக்கெட்காரனுக்கு உண்டு. சம்பளம் வாங்குகிறவனிடம் செஞ்சோற்றுக்கடன் கேட்பது கணக்கைக் குழப்புகிற வேலை. வேலை செய்தான், கூலி வாங்கினான், கடன் எங்கே மிச்சம் இருக்கிறது?

ரவீந்திர ஜடேஜாவின் கதையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். சென்னைக்காரர்களுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு ஆறும் ஒரு நான்கும் அடித்தவர். ஆனால் நான் சொல்ல வருவது அதற்கு 13 ஆண்டுகள் முன்னால் நடந்தது. ராஜஸ்தான் அணிக்கு இரண்டு பருவங்கள் ஆடி முடித்த 21 வயதுப் பையன் அப்போது அவர். அந்த அணியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியோடு தானே பேரம் பேசினார் என்று குற்றச்சாட்டு. தண்டனை: 2010 பருவம் முழுவதும் ஆடத் தடை. ஒரு வருசம். ஆட்டக்காரனின் தொழில் வாழ்க்கை எத்தனை வருசம் என்று கணக்குப் போட்டால் அது எவ்வளவு பெரிய அபராதம் என்று தெரியும். 2011இல் கொச்சி அணி, 2012 ஏலத்தில் சென்னை. (நம் செய்தித்தாள்கள் கூச்சமே இல்லாமல் 'இத்தனை கோடிக்கு ஏலம் போனார்' என்று எழுதும். மாட்டுச் சந்தைச் செய்திக்கும் இதே வினைச்சொல்தான்.) சென்னைக்காக 12 பருவங்கள். 2025 நவம்பரில் சென்னை நிர்வாகமும் ராஜஸ்தான் நிர்வாகமும் உட்கார்ந்து பேசின. ஜடேஜாவும் சாம் கர்ரனும் அங்கே, சஞ்சு சாம்சன் இங்கே. ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியானது.

அதாவது, எந்த அணியை விட்டுத் தானாக வெளியேறப் பார்த்ததற்காக ஒரு வருசம் தடை வாங்கினாரோ அதே அணிக்கு 15 ஆண்டுகள் கழித்து நிர்வாகங்களின் கைகுலுக்கலில் போய்ச் சேர்ந்தார். தானே பேசினால் ஒழுங்கீனம். அவர்கள் பேசினால் வர்த்தகம். வீரரின் சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அவரும் சம்மதித்துத்தான் போனார். ஆனால் 'உன்னைக் கொடுத்துவிட்டு இன்னொருவனை வாங்கலாம் என்று நினைக்கிறோம்' என்று பேச்சு தொடங்கிவிட்ட பிறகு கேட்கப்படும் சம்மதம் எப்படிப்பட்டது என்பது கூலி வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் வேரைத் தேடினால் அமெரிக்க பேஸ்பாலில் போய் நிற்போம். அங்கே ஒரு மனிதன் இதை நீதிமன்றத்துக்கு இழுத்தான். அவனைப் பற்றித் தமிழில் நாம் போதிய அளவு பேசியதில்லை.

கர்ட் ஃபிளட். கறுப்பர். 1938இல் ஹூஸ்டனில் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் வளர்ந்தவர். 1956இல் சின்சினாட்டி அணியில் சேர்ந்தார். பயிற்சிக்குத் தெற்கே போனபோது சக வெள்ளை ஆட்டக்காரர்கள் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த விடுதிக்கு அனுப்பிவைத்தார்கள். 1957 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அங்கே 12 பருவங்கள். இரண்டு முறை, 1964லும் 1967லும், அந்த அணி உலகத் தொடரை வென்றது. நடுக்களத்தில் பந்து பிடிப்பதில் அவருக்கு நிகர் குறைவு. 1963 முதல் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து தங்கக் கையுறை விருது. 1969இல் ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். அன்றைக்கு அது பெரிய பணம்.

அந்த ஆண்டு அக்டோபரில் நிர்வாகத்தின் ஒரு நடுத்தட்டு அலுவலர் தொலைபேசியில் தகவல் சொல்கிறார்: உன்னை ஃபிலடெல்பியாவுக்கு மாற்றியாயிற்று. அவ்வளவுதான். கார்டினல்ஸ் அணி ஒரு பீர் கம்பெனியின் சொத்து. சரக்கை ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாற்றுவதைப் போல ஆளையும் மாற்றினார்கள். இதற்குக் கைவசம் இருந்த கருவி 1879இலிருந்து பேஸ்பாலில் புழங்கிவந்த 'ஒதுக்கீட்டு விதி'. ஒப்பந்தம் ஒரு வருசத்துக்குத்தான். ஆனால் முடியும்போதெல்லாம் அணி அதை இன்னொரு வருசத்துக்கு நீட்டித்துக்கொள்ளலாம், சாகும்வரை. ஆட்டக்காரனுக்கு இரண்டே வழி: சொன்ன இடத்தில் ஆடு, இல்லாவிட்டால் ஆட்டத்தையே விடு. நம்மூர்ப் பண்ணையாள் முறை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வாங்கிய முன்பணம் என்றைக்கும் தீராது, அடுத்த மிராசு வீட்டுக்குப் போகவும் முடியாது.

1969 டிசம்பர் 24 அன்று ஃபிளட் ஒரு கடிதம் எழுதினார். பேஸ்பால் ஆணையர் பௌவி கூனுக்கு. 12 ஆண்டுகள் ஆடியபிறகு, என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும்படுகிற ஒரு பொருளாக என்னை நான் நினைக்கவில்லை என்பது கடிதத்தின் சாரம். ஆணையர் மறுத்தார். 1970 ஜனவரியில் வழக்கு. அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். வசவுக் கடிதங்கள் வந்தன. 90,000 டாலர் வாங்குகிறவன் தன்னை அடிமை என்று சொல்வதா என்று பத்திரிகைகள் சீறின. தொலைக்காட்சியிலும் இதே கேள்வி. நல்ல கூலி கிடைத்தாலும் அடிமை அடிமைதான் என்று பதில் சொன்னார். வழக்கு ஆட்டக்காரர் சங்கத்தின் ஆதரவோடு நடந்தது. ஆனால் சாட்சி சொல்ல, அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர்கூட வரவில்லை. ஓய்வுபெற்றவர்கள் வந்தார்கள். ஜாக்கி ராபின்சன் வந்தார், 1947இல் நிறச்சுவரை உடைத்து உள்ளே நுழைந்த அதே ராபின்சன். துரோகம் என்ற சொல்லை எங்காவது பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் அந்தக் காலி நாற்காலிகளைப் பற்றிப் பயன்படுத்தியிருக்கலாம். அவர்களை யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. வேலை போய்விடுமே என்கிற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன்.

1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃபிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். எழுதியவர் நீதிபதி பிளாக்மன். முதல் பகுதி முழுவதும் பேஸ்பால் பெருமை: ஆட்டத்தின் பழங்கதை, பழைய ஆட்டக்காரர்களின் பெயர்கள். ஒன்றிரண்டு பெயர்களில் நிற்கவில்லை, எண்பதுக்கும் மேல், காதலியின் பெயரை நோட்டுப்புத்தகம் முழுக்க எழுதுகிறவனைப் போல. பெரும்பான்மையில் இருந்த இரண்டு நீதிபதிகளே அந்தப் பகுதியில் தாங்கள் சேரவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இவ்வளவு அன்பையும் கொட்டிவிட்டு அடுத்த பகுதிகளில் அந்த நீதிபதி செய்தது, அந்தப் பெயர்களில் எவனும் தன் விருப்பப்படி அணி மாற முடியாது என்கிற ஏற்பாட்டுக்கு மறுபடி முத்திரை குத்தியது. இந்த விதிவிலக்கு பிறழ்வானது என்று ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் 50 ஆண்டுகளாக இருந்துவிட்டது, மாற்றினால் காங்கிரஸ் மாற்றட்டும் என்கிறார். மறுத்து எழுதிய மூவரில் ஒருவர் தர்குட் மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

ரசிகனின் காதல் சட்டமாக எழுதப்பட்ட இடம் இது. பிளாக்மன் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவரவில்லை. அவர் உண்மையாகவே நேசித்தார், அந்த நேசத்தில் பொய் கிடையாது. நேசிக்கிற பொருள் நாம் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று நேசத்துக்குள்ளேயே ஒரு சொத்துச் சட்டம் ஒளிந்திருக்கிறது. முதலாளிக்குக் கணக்குப் புத்தகம் போதும். அந்தக் கணக்கைப் புனிதமாக்க ரசிகனின் குரல் தேவைப்படுகிறது. வான்கடேயில் ஊளையிட்டவர்களும் டீக்கடையில் கத்திய நாங்களும் கூலியில்லாமல் பார்த்த வேலை அதுதான்.

ஃபிளட் 1971இல் வாஷிங்டன் அணிக்கு 13 ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார், முடியவில்லை. ஸ்பெயின் பக்கம் போய்விட்டார். 1975 டிசம்பரில் வேறு இருவருடைய வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்புச் சொல்லி ஒதுக்கீட்டு விதி உடைந்தது. 1997இல் ஃபிளட் செத்துப்போனார். 1998இல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். செத்தவனுக்குச் சட்டம்.

ஒரு விவரத்தை விட்டுவிட்டேன். அந்த 1969 பரிமாற்றத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர் டிக் ஆலன். அவரும் கறுப்பர். ஃபிலடெல்பியாவில் சொந்த ரசிகர்களே அவர்மீது பொருட்களை வீசுவார்கள். அதனால் களத்தில் நிற்கும்போதும் தலைக்கவசத்தோடு நிற்பார். எப்போதடா இங்கிருந்து போவோம் என்று காத்திருந்தவர். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஃபிளட்டைப் போகச் சொன்னார்கள். ஒரே காகிதத்தில் ஒருவருக்கு விடுதலை, ஒருவருக்குச் சிறை. இரண்டு பேரையும் கேட்காமல் எழுதிய காகிதம்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கபடி ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது 14 வயது இருக்கும். பொங்கல் முடிந்து சுற்றுவட்டாரத்தில் போட்டிகள் நடக்கும். ஊர்த்தெரு அணி என்று ஒன்று உண்டு, நாங்கள் ஊர்த்தெரு. சேரியில் ஒரு பையன் இருந்தான், பாடிப்போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டான். அவனை எங்கள் அணியில் சேர்ப்பதா என்கிற பேச்சே எழுந்ததில்லை. சேர்த்தால் தொட்டுப் பிடிக்க வேண்டும். தோற்றால்கூடப் பரவாயில்லை என்று இருந்தோம். ஒரு வருசம் ஏழெட்டு மைல் தள்ளி ஒரு ஊர் அணி வெளியாள் இறக்கியது. கூலியும் சாப்பாடும் கொடுத்து அவனைக் கூட்டிவந்தார்கள். அரையிறுதியில் எங்களுக்கு எதிரே நின்றான். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பெரியவர்களிலிருந்து பொடியன்கள் வரை கத்தினோம்: 'ஓடுகாலி! நம்மூர்ச் சோத்தத் தின்னுட்டு அவனுக்கு ஆடுறியா?' நானும் கத்தினேன். எந்தச் சோறு? அவன் அம்மா எங்கள் வயல்களில் நாற்று நட்டு வாங்கிய கூலி நெல்லைத்தான் ஊர் 'நம்மூர்ச் சோறு' என்றது. அணியில் இடம் தராத ஊர் அவனிடம் விசுவாசம் கேட்டது. 

ஊர்த்தெருவிலிருந்து யாராவது வெளியூருக்கு ஆடினால் 'பொழைக்கத் தெரிஞ்சவன்' என்பார்கள். ஓடுகாலி என்ற சொல் யாருக்கென்று தனியாக எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டை விட்டுப் போன பெண்ணுக்கு, வேலையை விட்டுப் போன பண்ணையாளுக்கு. நிலமும் வீடும் உள்ள ஆண் எங்கே போனாலும் அவன் 'போயிருக்கிறான்', அவ்வளவுதான்.

இந்த இடத்தில் 'ரசிகன் ஏமாளி, விளையாட்டு அபின்' என்று முடித்துவிடுவது நமக்குப் பழக்கமான வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரசிகனுக்கு முதலாளி யார் என்று தெரியாமலில்லை. 1984 மார்ச் இறுதியில் ஒரு ராத்திரியில் பால்டிமோர் நகரத்துக் கால்பந்து அணியான கோல்ட்ஸை அதன் முதலாளி லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிசுக்குக் கொண்டுபோனார். விடிந்து பார்த்தால் அணி இல்லை. அந்த ஊர் மக்கள் ஆட்டக்காரர்களைத் திட்டவில்லை, முதலாளியைத்தான் திட்டினார்கள். அந்த அணிக்கு ஒரு பேண்டுக் குழு இருந்தது. அணி போன பிறகும் அந்தக் குழு கலையவில்லை. அணியே இல்லாமல் 12 ஆண்டுகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இந்த விசுவாசத்தை என்னவென்று சொல்வது? எந்தக் கம்பெனியும் இதை உற்பத்தி செய்ய முடியாது. உற்பத்தி செய்ய முடியாததால்தான் விலைபோகிறது. டிக்கெட், சட்டை, ஒளிபரப்பு உரிமை என்று அங்கே விற்கப்படுவதெல்லாம் கடைசியில் அந்தப் பேண்டுக்காரனின் பிடிவாதம்தான்.

1996இல் பால்டிமோருக்கு மறுபடி அணி வந்தது. எங்கிருந்து? கிளீவ்லாண்டிலிருந்து. அந்த ஊர் அணியின் முதலாளி ஆர்ட் மாடெல் 1995 நவம்பரில் இடமாற்றத்தை அறிவித்தார். இப்போது கிளீவ்லாண்டின் முறை, அழுதார்கள். அவர்களும் சரியான ஆளைத்தான் வெறுத்தார்கள். ஆனால் அதே கிளீவ்லாண்ட் 15 ஆண்டுகள் கழித்து, 2010 ஜூலை 8 அன்று கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் ஒப்பந்தம் முடிந்து மயாமிக்குப் போகிறேன் என்று தொலைக்காட்சியில் சொன்னதும், அவர் சட்டையைத் தெருவில் போட்டு எரித்தது. அணியின் முதலாளி டான் கில்பர்ட் அன்றிரவே ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, இது கோழைத்தனமான துரோகம் என்றார். ஓடிப்போன அடிமையைப் பற்றி எசமான் பேசுகிற பேச்சு இது என்று ஜெஸ்ஸி ஜாக்சன் கண்டித்தார். முதலாளி ரசிகனின் மொழியில் பேசுகிறான், ரசிகன் முதலாளியின் மொழியில் பேசுகிறான். எது யார் குரல் என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் கலந்துவிட்ட இரவு அது. (லெப்ரான் தன் முடிவை ஒரு மணிநேரக் காட்சியாக்கியது அசிங்கம்தான். அசிங்கம் வேறு, துரோகம் வேறு.)

இதோடு ஒன்றை ஒப்பிட்டால் போதும். 2017 ஏப்ரலில் பாஸ்டன் அணியின் ஐசையா தாமஸ், தங்கை கார் விபத்தில் செத்த மறுநாள் களத்தில் இறங்கி ஆடினார். இடுப்புக் காயத்தோடு அந்தத் தொடரில் ஆடினார். அதே ஆகஸ்டில் நிர்வாகம் அவரைக் கிளீவ்லாண்டுக்குக் கொடுத்துவிட்டு வேறொருவரை வாங்கியது. பாஸ்டன் ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். நிர்வாகத்தின் படத்தை யாரும் தெருவில் எரிக்கவில்லை. 'பிசினஸ்னா அப்படித்தான்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, அது ஒரு பக்கத்துக்கு மட்டும் பயன்படுகிற வாக்கியம்.

பிரிவு வலிக்கும். வலிக்கக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. பார்சிலோனாவில் லூயிஸ் ஃபிகோவின்மேல் விழுந்த கோபத்துக்குப் பின்னால் கடலான் மக்களின் வரலாறு இருந்தது, ஃபிராங்கோ இருந்தான். 2000இல் அவர் போய்ச் சேர்ந்தது சும்மா ஏதோ ஓர் அணியில் இல்லை, ரியால் மாட்ரிட்டில். 2002 நவம்பரில் மைதானத்தில் வந்து விழுந்த அந்தப் பன்றித் தலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதை வெறும் வெறி என்று தள்ளவும் மாட்டேன். ஒடுக்கப்பட்ட ஒரு தேசியம் தன் மானத்தை ஒரு கால்பந்து அணியில் கொண்டுபோய் வைத்தால், அந்த மானம் ஒரு போர்ச்சுகீசியத் தொழிலாளியின் ஒப்பந்தத்தில் தொங்க வேண்டியிருக்கிறது. அதில் அவன் தப்பு என்ன?

விட்டுப்போவது வேறு, காட்டிக்கொடுப்பது வேறு. தமிழில் இரண்டு தனிச்சொற்கள் இருக்கின்றன. தன் உழைப்பை வேறிடத்தில் விற்பவன் விட்டுப்போகிறான். கூட இருந்தவனை விற்பவன் காட்டிக்கொடுக்கிறான். இரண்டையும் ஒரே சொல்லால் அடிப்பது நாம் இயக்கங்களிலும் செய்ததுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இருந்த ஒரு சிறு குழுவிலிருந்து ஒரு தோழர் விலகினார். தங்கைக்குக் கல்யாணம், வீட்டில் கடன், அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, ஒரு பேப்பரைக்கூட எடுத்துப் போகவில்லை. அவரைப் பற்றி சைக்ளோஸ்டைலில் ஒரு பிரசுரம் போட்டோம். 'ஓடுகாலி' என்ற சொல்லைத் தலைப்பில் போட்டது நான். இரண்டு வருசம் கழித்து என்னைப் பற்றி ஒன்று வந்தது, தலைப்பை மாற்றக்கூட இல்லை. அந்தத் தோழரைப் பிறகு பல தடவை பார்த்திருக்கிறேன். பிரசுரத்தைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் மாஸ்டர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். நாளுக்கு 100 ரூபாய் கூடக் கிடைக்கிறதாம். பழைய கடைக்காரர் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, 'கிளாஸ் கழுவ வந்த பயல மாஸ்டராக்கி விட்டேன், நன்றி கெட்ட நாய்' என்று அவருக்குக் கேட்கும்படி திட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் தலை நிமிராமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஜடேஜாவின் 8ஆம் எண் மஞ்சள் சட்டையை இன்னும் போட்டுத் திரிகிற எங்கள் பையன் ஒருவன், 'நாம எந்தக் கடைண்ணே?' என்று கேட்டான். இரண்டு நாள் யாரும் டீ குடிக்கவில்லை. மூன்றாம் நாள் எதிர்க்கடைக்குப் போனோம். அங்கே டீ இரண்டு ரூபாய் அதிகம்.